புல்லட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் மூக்கு?

மே மாதத்து மத்தியானம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பச்சை என்று கண்ணில் படுவது வேலிக்கருவை ஒன்றுதான். எதிரே ஒரு லாரி போனால் அது கிளப்பிவிட்ட புழுதி அடங்க நேரமாகும். அந்த ரோட்டில் நீங்கள் ஒரு பழைய புல்லட்டில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அப்பா வாங்கிய வண்டி. 350 சி.சி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். தடக் தடக்கென்று அது பாட்டுக்குப் போகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு. ஆக, நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு மூச்சு. சிலிண்டரின் கொள்ளளவு 346 சி.சி. ஒவ்வொன்றும் முழு மூச்சாக இருந்தால் நிமிஷத்துக்கு ஐநூறு லிட்டருக்கும் மேல் காற்று உள்ளே போகிறது! சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனிதருக்கு ஆறேழு லிட்டர் போதும்.

அத்தனை காற்றும் நுழைகிற மூக்கின் அகலம் 24 மில்லிமீட்டர். பழைய ஒரு ரூபாய்க் காசை வைத்தால் மூடிக்கொள்ளும். இந்த மூக்குக்குப் பெயர்தான் கார்புரேட்டர். (போன தலைமுறை மெக்கானிக்குகள் வாயில் அது 'கார்பேட்டர்'. எனக்கு அதுதான் பிடிக்கும்.)

ஆசை வருவது இந்த இடத்தில்தான். வண்டியைப் புதுப்பிக்கலாம் என்று பட்டறைக்குக் கொண்டுபோகிறீர்கள். பெயின்ட் ஆச்சு, க்ரோம் ஆச்சு, போர் பண்ணி புது பிஸ்டன் போட்டாச்சு. அப்போது யாராவது ஒரு பெரிய மனுஷர் அருகில் வந்து சொல்வார்: "தம்பி, அந்த இருபத்துநாலைக் கழற்றிப் போட்டுட்டு இருபத்தெட்டு மாட்டுங்க. பிச்சுக்கிட்டுப் போகும்!"

பிச்சுக்கிட்டுப் போகுமா? பதில் சொல்வதற்கு நாம் ஜெர்மனி வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

1888 ஆகஸ்ட். மான்ஹைம் நகரத்தில் கார்ல் பென்ஸ் என்பவர் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டியை வைத்துக்கொண்டு, அதை யாரும் வாங்கமாட்டேன் என்கிறார்களே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி பெர்த்தா கவலைப்படவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் வண்டியைக் கிளப்பி, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் துணிக் கறை போக்க விற்ற திரவத்தை வாங்கி டேங்கில் ஊற்றினார். நடுவழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தினார். அடைப்பு விட்டது, வண்டி போனது.

உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே அடைப்பு, ஊசி இரண்டும் வந்துவிட்டன, கவனியுங்கள். நூற்றாண்டு தாண்டியும் நம் ஊர்ப் பட்டறைகளில் அதே வைத்தியம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. குழாயைக் குத்தலாம். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை. துளை ஒரு நூல் அகலமானாலும் பெட்ரோல் கணக்கு மாறிவிடும்.

பென்ஸின் வண்டியில் இருந்தது இன்றைய கார்புரேட்டர் இல்லை. ஒரு பாத்திரத்தில் எரிபொருள், அதன் மேல்பரப்பிலிருந்து எழும் ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். மெதுவாகப் போகிற வண்டிக்குச் சரி. வேகம் கூடினால் திணறும். 1893-ல் இரண்டு இடங்களில் ஒரே யோசனை பிறந்தது. ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இரண்டு பேர். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக். எரிபொருளை ஆவியாக விடாதே, தூறலாகத் தெளி என்பதுதான் யோசனை. புடாபெஸ்ட் தெருவில் பூக்காரப் பெண் ஒருத்தி பூக்களின் மேல் தண்ணீர் ஊதித் தெளித்ததைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனாலும் மல்லிகை விளைகிற அருப்புக்கோட்டைக்காரர்கள் இதை ரசிப்பார்கள்.

பூக்காரி வேண்டாமென்றால் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கிற ஃப்ளிட் பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தள்ளினால் காற்று 'புஸ்'ஸென்று ஒரு சின்னக் குழாயின் வாயைக் கடந்து போகிறது. காற்று வேகமாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறையும். டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலே ஏறி வந்து தூறலாகப் பறக்கும். கார்புரேட்டர் என்பது இவ்வளவுதான். தள்ளுவதற்குப் பதிலாக பிஸ்டன் இழுக்கிறது. மருந்துக்குப் பதில் பெட்ரோல்.

நான் படித்தது பி.காம். அதனால் எனக்கு இது ஒரு கணக்குப்பிள்ளையாகத்தான் தெரிகிறது. பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். பற்று இவ்வளவு, வரவு இவ்வளவு, தினமும் டேலி ஆக வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை, கறுத்த ப்ளக், காலியான பர்ஸ். காற்று கூடினால் இன்ஜின் கொதிக்கும், ப்ளக் வெள்ளையாக வெளுக்கும், ஒருநாள் நட்டநடு ரோட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். திருச்சுழி ரோட்டில் மே மாதம் வண்டி சீஸ் ஆகி நின்றால், தள்ளிக்கொண்டு போய் ஒதுங்க நிழல்கூடக் கிடையாது.

இப்போது 28-க்கு வருவோம். 24-லிருந்து 28 என்றால் நாலே நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். துளையின் பரப்பைப் பாருங்கள். 36 சதவிகிதம் கூடிவிடுகிறது! இன்ஜின் இழுக்கும் காற்று அதே அளவு, வாசல் மட்டும் பெரிசு. அப்படியானால் வாசலைக் கடக்கும் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெட்ரோலை உறிஞ்சும் சக்தி அதைவிட மோசமாகக் குறையும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஃப்ளிட் பம்ப்பை மெதுவாகத் தள்ளினால் மருந்து தெளிக்காமல் சொட்டுமே, அந்தக் கதி. டவுனுக்குள் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி ஒரு நிமிஷம் யோசிக்கும். 'பிக்-அப் போச்சு' என்பீர்கள். எண்பதில் பறக்கும்போது வேண்டுமானால் கொஞ்சம் லாபம் தெரியலாம். அருப்புக்கோட்டை பஜாருக்குள் எண்பதில் யார் போகிறார்கள்?

சரி, இந்த 24, 28 எல்லாம் எங்கிருந்து வந்த எண்கள்? அதில்தான் ஒரு சுவாரஸ்யமான வம்சாவளி இருக்கிறது.

இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர் செய்துவந்த மூன்று போட்டிக் கம்பெனிகள் 1927-ல் ஒன்றாகச் சேர்ந்தன. பெயர் அமல். ('சட்டம் அமலுக்கு வந்தது' என்கிற அமல் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் அரை நூற்றாண்டு அமலில் இருந்தது இதுதான்.) ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் என்று எதைத் திறந்தாலும் அமல். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்து ஊரான ரெட்டிச்சில் தயாரான ராயல் என்ஃபீல்டிலும் அதேதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக ஒரு முரட்டு வண்டி தேவைப்பட்டது. 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கம்பெனியே இழுத்து மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. தாய் போய்ச் சேர்ந்த பின்னாலும் பிள்ளை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த மாதிரி. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் புது மாடல் போடுவதென்றால் டெல்லிக்கு நடையாய் நடக்க வேண்டும். இருக்கிற வண்டிக்கே வருடக்கணக்கில் க்யூ நின்றது. யார் மாற்றுவார்கள்?

இதற்கிடையில் ஜப்பானில் மிகுனி என்ற கம்பெனி 1960 வாக்கில் அதே அமலோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டு மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர் செய்யக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட ஜப்பான்காரர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். குருவை மிஞ்சினார்கள். அமலில் ஒரு சின்னப் பொத்தானை விரலால் அழுத்தி, பெட்ரோல் வழிந்து கை நனைந்த பிறகுதான் காலை நேரத்தில் வண்டி கிளம்பும். மிகுனியில் ஒரு சோக் லீவரைத் தூக்கிவிட்டால் போதும். 1985-ல் சென்னையின் யூகால் நிறுவனம் மிகுனியோடு கூட்டுச் சேர்ந்தது. புல்லட்டில் அமல் போய், 'மிக்கார்ப்' என்று பொறித்த மிகுனி வகைக் கார்புரேட்டர் வந்து உட்கார்ந்தது. பர்மிங்ஹாமில் புறப்பட்ட சமாச்சாரம் ஜப்பானைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

350-க்கு 24 மில்லிமீட்டர் மிக்கார்ப். பிறகு 500 சி.சி. புல்லட் வந்தபோது அதற்கு 28. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 346 சி.சி.யிலிருந்து 499 சி.சி.க்கு இன்ஜின் 44 சதவிகிதம் பெரிசாகிறது. கம்பெனி மூக்கைப் பெரிசாக்கியதோ 36 சதவிகிதம்தான். அதாவது 500-க்கே கஞ்சத்தனமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த 28-ஐக் கொண்டுபோய் 350-ல் மாட்டச் சொல்கிறவர், அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு 'வளர்ந்துட்டான் பாருங்க' என்கிறார்.

அப்படியானால் பெரிய மூக்கே தப்பா? இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், பல வருடங்கள் மோட்டார் ரேஸ் நடந்தது. அங்கே ஓட்டுகிறவருக்கு ஆக்ஸிலேட்டர் பாதியில் நிற்கிற பேச்சே கிடையாது. முழுசாகத் திறந்து, இன்ஜின் அலற அலறப் போக வேண்டும். வால்வு, கேம், சைலன்ஸர் எல்லாம் மாற்றியிருப்பார்கள். அந்த இன்ஜினுக்குப் பெரிய மூக்கு வேண்டும். உங்கள் வண்டிக்கும் 500 சி.சி. கிட் போட்டிருந்தால் 28 நியாயம்தான். ஹெட்டில் கைவைத்து, வால்வைப் பெரிசாக்கி, நீங்கள் மதுரை நாற்கரச் சாலையிலேயே குடியிருக்கிறவர் என்றால் 26-ஐ யோசிக்கலாம். மற்றவர்கள் இருக்கிற 24-ஐச் சரியாக வைத்துக்கொள்வது உத்தமம்.

பெரிதாக மூச்சு விட்ட ஒரு வண்டி நம் ஊரில் என்ன பாடுபட்டது என்பதற்கு ராஜ்தூத் 350 சாட்சி. யமஹா வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் 1983-ல் கொண்டுவந்தது. புல்லட் மாதிரியே 350 சி.சி. வகுப்பு, ஆனால் டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். புல்லட் 18 குதிரை சக்தி என்றால் இது 30-ஐத் தாண்டியது. மைலேஜோ பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிற ரகம். இரண்டு கார்புரேட்டரையும் ஒரே தாளத்தில் திறக்கவைக்கிற மெக்கானிக் ஊருக்கு ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கடைசியில் கம்பெனியே சக்தியைக் குறைத்து 27 குதிரையில் இன்னொரு ரகம் விட்டது. அப்படியும் எடுபடவில்லை. 1980-களோடு தயாரிப்பு முடிந்தது. இன்று அதையே லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு வகைக் கார்புரேட்டரையும் உங்களிடம் விற்கப் பார்ப்பார்கள். 2008-ல் தொடங்கி வந்த புது இன்ஜின் 350 வண்டிகளில் இருந்த 29 மில்லிமீட்டர் வெற்றிட வகை. 29 என்றதும் மயங்காதீர்கள். அதில் உங்கள் கை ஸ்லைடைத் தூக்குவதில்லை. இன்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் ஸ்லைடு தானாக உயரும். மூக்கு தேவைக்குத் தக்கபடி விரிந்து சுருங்குகிறது. இந்த யோசனை 1905 வாக்கில் இங்கிலாந்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஸ்கின்னர் குடும்பத்துப் பிள்ளைகளுடையது. முதல் கார்புரேட்டரில் விரிந்து சுருங்குகிற உறுப்பைத் தோலில்தான் செய்தார்கள். வீட்டுச் சரக்கு! நல்ல சாதனம்தான். ஆனால் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் மாட்ட, இணைப்புக் குழாய், கேபிள் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கு உங்கள் பழைய 24-க்குப் புது ஸ்லைடு, ஊசி, ஜெட் எல்லாமே போட்டுவிடலாம்.

சொல்லப்போனால் முக்கால்வாசிப் பேர் கேட்க வேண்டிய கேள்வியே 'எத்தனை எம்.எம்.' என்பது இல்லை. இருபது, முப்பது வருடம் ஓடிய கார்புரேட்டரில் ஸ்லைடு தேய்ந்து ஆடும். அந்த இடுக்கில் திருட்டுக் காற்று நுழையும். ஊசி போய்வரும் ஓட்டை வட்டம் மாறி முட்டை வடிவமாகியிருக்கும். போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில் ஃப்ளாஞ்ச் வளைந்திருக்கும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஏர் ஸ்க்ரூவை மட்டும் நாள் பூராவும் திருகிக்கொண்டிருப்பது, ஓட்டை அண்டாவுக்கு மூடி தேடுகிற வேலை. புதுப்பேட்டையிலோ வேறெங்கோ வாங்கும்போது டூப்ளிகேட் ஜாக்கிரதை. ஜெட்டில் எண் இருக்கும், துளை அந்த எண்ணுக்கு இருக்காது.

அப்புறம் புழுதி. ஒரிஜினல் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு கூம்பு ஃபில்டரையோ, வெறும் குழல் வாயையோ மாட்டுவது ஃபேஷன். கோடையில் கரிசல் காட்டுப் புழுதி முகத்தில் பூசும் பவுடர் மாதிரி நைஸ். பந்தல்குடிப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் தூசி வேறு. நிமிஷத்துக்கு ஐநூறு லிட்டர் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அத்தனை காற்றோடு அந்தத் தூசியும் ஆயிலில் கலந்து சிலிண்டரைத் தேய்க்கும். புதிதாகப் போர் பண்ணிய காசு புகையாகப் போகும். இந்தச் சீமையில் கார்புரேட்டரைவிட ஏர் ஃபில்டருக்குத்தான் முதல் மரியாதை.

வெயிலுக்கும் ஒரு கணக்கு. இங்கிலாந்தில் 15 டிகிரியில் இருக்கும் காற்று, இங்கே 40 டிகிரியில் எடை எட்டு சதவிகிதம் குறைந்துவிடுகிறது. பெட்ரோல் அந்த அளவு குறைவதில்லை. ஆகவே நம் ஊர்க் கோடையில் கலவை லேசாகப் பெட்ரோல் பக்கம் சாயும். இதைப் பார்த்துப் பழைய மெக்கானிக்குகள் ஜெட்டைக் கொஞ்சம் சின்னதாகப் போடுவது வழக்கம்.

அந்த வழக்கத்தைத்தான் இப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது. காரணம் எத்தனால். 2023-லிருந்து பங்குகளில் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் எரிய ஒன்பது பங்கு காற்றே போதும். ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவை ஏழெட்டு சதவிகிதம் காற்றுப் பக்கம் சாய்ந்துவிடும். புதிய வண்டிகளில் எரிபொருளை அளந்து பீய்ச்சுவது கம்ப்யூட்டர். (2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததோடு புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்தது.) அப்பாவின் புல்லட்டுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. நீங்கள்தான் கணக்கைத் திருத்த வேண்டும். ஊசியில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். க்ளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறி, பாதி த்ராட்டிலில் பெட்ரோல் கூடும். முழு வேகத்தில் ஓட்டுவதானால் மெயின் ஜெட்டையும் ஒரு எண் ஏற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றிவிட்டுத் திருச்சுழி வரை ஒரு ஓட்டம், குண்டாறு பக்கம் நிறுத்தி, இன்ஜின் ஆறியதும் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். டிகாஷன் கலந்த காபி நிறம் என்றால் சரி. கரியாக இருந்தால் க்ளிப்பை மேலே ஏற்றுங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் இன்னும் ஒரு பள்ளம் கீழே.

வண்டியைப் பல நாள் நிறுத்தி வைப்பவர்கள் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கிண்ணத்தில் தேங்கினால் அரிக்கும், பழைய ரப்பர் வாஷர்களையும் உப்பவைக்கும். ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் 28-தான் வேண்டும் என்று மனசு கேட்கவில்லையா? மாட்டுங்கள், உங்கள் வண்டி. மைலேஜ் 35-லிருந்து 25-க்கு இறங்கியது என்று வைத்துக்கொண்டால், தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய 24-ஐ மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்ரோலில் கழுவி, காயவைத்து, ஊசி, ஸ்லைடு, ஜெட் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டு, துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள். ஆறு மாதத்தில் தேடுவீர்கள்.